வேட்டிக்குள் ஒரு சாக்ஸ்

போன பொங்கல் விழாவுக்கு நான் வேட்டி கட்டிக்கொண்டு வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பந்தியில் உட்காரும்போது வேட்டியைச் சற்றுத் தூக்கிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த நம் சங்கத்துச் சிறுவன் ஒருவன் என் காலைப் பார்த்துவிட்டு, "தாத்தா, வேட்டிக்குள்ளே எதுக்கு லேடீஸ் சாக்ஸ் போட்டிருக்கீங்க?" என்று உரக்கக் கேட்டான். பந்தியே திரும்பிப் பார்த்தது. தோல் நிறத்தில் முழங்கால் வரை இருப்பதால் அப்படித்தான் தெரியும். பையன் மேல் குற்றமில்லை.

பாயசம் முடிவதற்குள் மூன்று பேர் தனித்தனியாக வந்து காதோடு விசாரித்தார்கள். ஒருவர் மனைவிக்கு நரம்புச் சுருட்டல். இன்னொருவருக்குக் கோடை விடுமுறையில் ஊருக்கு ரயிலில் போய் இறங்கினால் செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்குகிறது. மூன்றாமவர் என் பழைய நண்பர், ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கும் சாயங்காலமானா கால் கனத்துப் போகுது. உங்க சைஸ்தான் எனக்கும். அடுத்த தடவை வாங்கறப்ப எனக்கும் ஒரு ஜோடி வாங்கிடுங்க, பணத்தைக் கையிலே கொடுத்துடறேன்" என்றார்.

"மாட்டேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இருபது வருஷப் பழக்கத்தில் அவர் கேட்டு நான் மறுத்த முதல் காரியம் அது. ஏன் மறுத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் பம்பு, வால்வு, பாய்லர் என்றெல்லாம் வரும். எனக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

டிப்ளமா முடித்த கையோடு 1980-ல் ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் பிரிவில் சேர்ந்தேன். 2018-ல் நாக்பூரிலேயே ஓய்வு பெற்றேன். 24 பெட்டி வண்டி என்றால் ஒரு பக்கம் மட்டுமே அரை கிலோமீட்டருக்கு மேல். "அவ்வளவு நடந்தால் கால் இரும்பாக இருக்குமே" என்பார்கள். நடந்தது கொஞ்சம்தான். பிட் லைனில் இறங்கி ஒரு பெட்டியின் அடியில் நின்றால் ஸ்பிரிங், பிரேக், ஆக்சில் என்று பார்த்து முடிக்கும்வரை நின்ற இடத்தில் நிற்பதுதான் அதிகம். நடப்பது காலுக்கு நல்லது, நிற்பது கெடுதல் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஐம்பது வயதில் இடது கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் புடைத்துக்கொண்டு வந்தது. பிறகு அரிப்பு. பிறகு கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே தோல் காப்பிக் கறை போலக் கருத்தது. வலி இல்லாததால் கவனிக்கவில்லை. 2015-ல் கட்டில் கால் இடித்து அந்த இடத்தில் ஒரு சிராய்ப்பு. நான்கு மாதமாகியும் ஆறவில்லை. மஞ்சள், களிம்பு, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் போன டாக்டர் புண்ணைப் பார்ப்பதற்கு முன் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் காலைப் பார்த்தார். "புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டா ஆறாதுங்க. கால்ல தேங்கி நிக்கற ரத்தத்தை மேலே அனுப்பணும்" என்றார்.

இது 'நரம்பு' இல்லை என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாம் நரம்புச் சுருட்டல் என்று சொல்கிறோமே தவிர, புடைப்பது சிரை. அதாவது கெட்ட ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். நல்ல ரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவருவது தமனி. இந்த இரண்டையும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு சொல்லப்போகும் சங்கதி முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இருதயத்திலிருந்து கணுக்கால் வரை நின்ற நிலையில் சுமார் 120 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்கு ஒரு ரத்தத் தூண் கணுக்காலில் சுமந்து நிற்கிறது. ரத்தம் தண்ணீரைவிடச் சற்றுக் கனம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். கணக்குப் போட்டால் கணுக்காலில் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தது வேக்குவம் பிரேக் காலம். எஞ்சின் கேஜில் 53 சென்டிமீட்டர் காட்டுகிறதா என்று பார்த்தே பழகியவன் நான். என் காலையும் பாதரசத்தில் அளக்கலாம் என்று தெரிந்ததும் ஏதோ சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த ரத்தத்தை யார் மேலே ஏற்றுவது? இருதயம் தள்ளிவிடுகிறது என்றாலும் அந்த வேகம் நுண்ணிய குழாய்களைத் தாண்டி வருவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. மிச்ச வேலையைச் செய்வது நம் கெண்டைச் சதை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் சதை இறுகி உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. சதை தளரும்போது அது திரும்பக் கீழே விழாமல் இருக்க வழியெங்கும் ஒருவழி வால்வுகள். ஊரில் கிணற்று மோட்டார் பார்த்தவர்களுக்கு ஃபுட் வால்வு என்றால் புரிந்துவிடும். அது ஒழுகினால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் மேலே வராது. சிரையில் வால்வு இருப்பதை இத்தாலியில் ஃபாப்ரீஷியஸ் விளக்கிச் சொன்னார். அவரிடம் படித்த ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி அதையே ஒரு சாட்சியாக வைத்து, ரத்தம் வட்டமாகச் சுற்றுகிறது என்று 1628-ல் புத்தகம் எழுதினார்.

நல்ல காலாக இருந்தால் நடக்கும்போது கணுக்காலில் அந்த 90 மில்லிமீட்டர் 20, 30 என்று இறங்கிவிடுகிறது. வால்வு கெட்ட காலில் நடந்தாலும் இறங்குவதில்லை. சிரை விரிகிறது. விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் இன்னும் ஒழுகுகிறது. மேலும் விரிகிறது. நீர் கசிந்து வீக்கம். சிவப்பணுக்களும் கசிந்து, அதிலுள்ள இரும்பு தோலில் படிந்து அந்தக் காப்பிக் கறை. என் காலில் பிடித்தது சாட்சாத் துருதான்! ரயில்வேக்காரன் காலில் வேறு என்ன பிடிக்கும்?

இனி சாக்ஸுக்கு வருகிறேன். இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, ஒரு இன்ஜினீயர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் குடியேறிய கான்ராட் ஜோப்ஸ்ட் என்பவர். அவருக்கும் என்னைப்போலவே ஆறாத கால்புண். நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் கால் சுகமாக இருப்பதைக் கவனித்தார். குளத்தில் ஆழம் போகப்போகத் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது. அடியில் இருக்கும் கணுக்காலில் அதிகம், முழங்காலில் குறைவு. உள்ளே இருக்கும் ரத்தத் தூணும் அப்படித்தான். உள்ளிருந்து தள்ளுவதை வெளியிலிருந்து தண்ணீர் ஈடு கட்டுகிறது. அந்தத் தண்ணீரைத் துணியில் நெய்தால் என்ன என்று யோசித்து, 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் அழுத்தம் படிப்படியாகக் குறையும் காலுறையை உண்டாக்கினார். இந்த சாக்ஸும் கணுக்காலில் பலமாக இறுக்கி, மேலே போகப்போகத் தளர்ந்துகொண்டே வரும். விரிந்த சிரை சுருங்கும். இதழ்கள் ஓரளவு சேரும். சதை பிழியும்போது அந்தப் பலம் வெளியே பிதுங்கி வீணாகாமல் சிரையைப் பிழியப் போகும். ஆகவே சாக்ஸ் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதிப் பலன்தான். நடக்க வேண்டும்.

'உங்க சைஸ்தான் எனக்கும்' என்றாரே நண்பர், அதில் ஒரு சிக்கல். ஒரே இழுவிசை உள்ள ரப்பர் பட்டையைப் பருத்த குழாயில் சுற்றினால் அழுத்தம் குறைவு, மெல்லிய குழாயில் சுற்றினால் அதிகம். பாய்லர் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் இது வந்துவிடும். அதனால் செருப்பு நம்பர் ஒன்றானாலும் சாக்ஸ் ஒன்றாகாது. காலையில் வீக்கம் வருவதற்கு முன் கணுக்காலின் மெல்லிய இடத்தில் ஒரு சுற்றளவு, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் ஒன்று, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம் என்று அளந்து வாங்க வேண்டும். நான் முதலில் போன கடைக்காரர் என் காலைப் பார்க்காமலே, "சாஹப், லார்ஜ் லே ஜாயியே" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அது கணுக்காலில் தொளதொளவென்றும் முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டினாற்போலவும் இருந்தது. இருக்க வேண்டியதற்கு நேர் எதிர்.

கிளாஸ் 1, கிளாஸ் 2 என்று பெட்டியில் போட்டிருப்பதையும் நம்பிவிடாதீர்கள். பிரிட்டிஷ் கணக்கில் கிளாஸ் 2 என்றால் 18 முதல் 24 மில்லிமீட்டர். ஜெர்மன் கணக்கில் அதே கிளாஸ் 2, 23 முதல் 32. டாக்டரிடம் மில்லிமீட்டர் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, பெட்டியிலும் அந்த எண்ணைத் தேடுங்கள். எனக்கு முதலில் பல அடுக்குக் கட்டாகப் போட்டு வாராவாரம் மாற்றினார்கள். பதினோரு வாரத்தில் புண் மூடியது. அதன் பிறகு 30 முதல் 40 வரை உள்ள சாக்ஸ். வால்வு கெட்ட சிரையை லேசர் அல்லது வெப்பத்தால் அடைத்துவிடும் சிகிச்சையும் இப்போது பரவலாக உண்டு. பிரிட்டனில் கால்புண் உள்ள 450 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளிவந்த ஆய்வில், அந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் சீக்கிரமே செய்தவர்களுக்குப் புண் விரைவாக ஆறியது. நானும் மறுவருஷம் செய்துகொண்டேன். ஆழத்தில் உள்ள சிரைகளிலும் எனக்கு வால்வு பலவீனம் என்பதால் சாக்ஸ் தொடர்கிறது. சாக்ஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை. போட்டிருக்கும்வரை வேலை செய்யும், கழற்றினால் நிறுத்திக்கொள்ளும்.

புண் ஆறின சந்தோஷத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சாக்ஸ் புராணம் பாட ஆரம்பித்தேன். புதிதாக சைக்கிள் கற்றுக்கொண்ட பையனுக்கு நடக்கிறவர்களைக் கண்டால் பரிதாபமாக இருக்குமே, அந்த மாதிரி. 2016-ல் என் அக்காவின் கணவர் மாட்டினார்.

அத்தானுக்கு அப்போது எழுபது வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. சிகரெட்டை அறுபதில்தான் விட்டவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். காய்கறிச் சந்தைக்குச் சேர்ந்து போனால் நூறு அடி நடந்ததும், "கொஞ்சம் நில்லு மாப்ளே, கெண்டைக்கால் பிடிக்குது" என்பார். இரண்டு நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். மறுபடி நூறு அடி. ராத்திரியில் வலி வந்து எழுந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் தணிகிறது என்றார். தொங்கப்போட்டே இருந்ததால் கால் வீங்கியும் இருந்தது. நான் வீக்கத்தை மட்டும் பார்த்தேன். "இது என் கேஸேதான் அத்தான்" என்று சொல்லி, பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த என் இரண்டாவது ஜோடியைக் கொண்டுபோய் நானே உட்கார்ந்து மாட்டிவிட்டேன்.

நடந்தால் வலி, நின்றால் சரி, காலைத் தொங்கப்போட்டால் சுகம் என்பது தமனி அடைப்பின் அடையாளம். என் வியாதியில் காலைத் தூக்கி வைத்தால்தான் சுகம். எனக்கு ரத்தம் திரும்பிப் போவதில் தடை. அவருக்கு ரத்தம் வந்து சேருவதிலேயே தடை. வருகிறதே சொட்டுச் சொட்டாக, அந்தக் குழாயை வெளியிலிருந்து நெரித்தால் என்ன ஆகும்? சர்க்கரையால் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சியும் மங்கியிருந்தது. இறுக்கம் தெரியவில்லை. 'மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது' என்று ராத்திரியும் கழற்றாமல் தூங்கியிருக்கிறார். ஆறாம் நாள் காலையில் அக்கா போன் பண்ணினாள். "தம்பி, அத்தானோட விரல் நீலமா இருக்குடா."

சாக்ஸைக் கழற்றியபோது கணுக்காலில் மடிப்பு விழுந்திருந்த இடத்தில் ஒரு பள்ளம். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்கு மேலே தமனியில் அடைப்பு. பலூன் வைத்துத் திறந்து காலைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அடைப்பு பல வருஷத்தது, சாக்ஸ் இல்லாவிட்டாலும் என்றைக்காவது இந்த நிலைக்கு வந்திருக்கும் என்று சர்ஜன் பிறகு சொன்னார். ஆனால் முதல் நாள் அவர் கோபமாக, "யார் இதைப் போடச் சொன்னது?" என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரவில்லை. அத்தான் என்னைப் பார்க்காமலே, "நானாத்தான் கடையிலே வாங்கிப் போட்டுக்கிட்டேன் டாக்டர்" என்றார். அக்காவிடமும் இன்றுவரை அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன்கூட வேண்டாம். கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற அதே பட்டையைக் கணுக்காலிலும் கட்டி, ஒரு சின்ன டாப்ளர் கருவியால் கேட்டு அளக்கிறார்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் 1-ஐ ஒட்டி வர வேண்டும். 0.9-க்குக் கீழே என்றால் தமனியில் கோளாறு. 0.5-க்குக் கீழே என்றால் சாக்ஸைக் கையால் தொடக்கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டுப்போய் எண் பொய்யாகக் கூடுதலாக வரும் என்பதால் 1.3-ஐத் தாண்டினாலும் சந்தேகம்தான், வேறு சோதனை கேட்பார்கள். வலி கிடையாது, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். என் டாக்டர் எனக்குக் கட்டுப் போடுவதற்கு முன் இதைச் செய்திருந்தார். ஏன் செய்கிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இருதயம் மிகவும் பலவீனமானவர்களும், காலில் சீழோ தோல் வியாதியோ உள்ளவர்களும் தாமாகப் போட்டுக்கொள்ளக்கூடாது. ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். சாக்ஸ் கடைக்குப் போகாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கு ரத்தம் கட்டாமலிருக்கத் தொடை வரை சாக்ஸ் போடும் வழக்கம் இருந்தது. 2,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளிவந்தபோது, அதனால் பயன் தெரியவில்லை, தோல்புண்தான் அதிகமாயிற்று என்று ஆனது. ஆகவே படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு அன்பினால் வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

யாருக்கு நல்லது என்று கேட்டால், முதலில் என் ஞாபகத்துக்கு வருவது நம் தோசை மாஸ்டர்கள்தான். ஒரே கல்லின் முன் பத்து மணி நேரம். நடையும் கிடையாது. டீச்சர்கள், கடையில் நிற்பவர்கள், போலீஸ்காரர்கள் எல்லாரும் அந்த ஜாதிதான். கர்ப்பிணிகளுக்குக் கால் கனமும் வீக்கமும் குறையும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடலாம். மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகும் அம்மாக்கள் கவனிக்கவும்: ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் முழங்கால் வரை இந்த சாக்ஸ் போட்டவர்களுக்கு, வெளியே தெரியாத ரத்தக் கட்டிகள் நன்றாகக் குறைந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு 15 முதல் 20 போன்ற மிதமான அழுத்தம் போதும். நம் சென்னை ரயில் பயணத்துக்குப் பெரும்பாலோருக்கு அதுகூட வேண்டியதில்லை. ரயிலில் எழுந்து நடக்க இடம் இருக்கிறது. சைட் லோயரில் காலை நீட்டிக்கொள்ளலாம். பாதத்தை மேலும் கீழும் ஆட்டினாலே பம்பு ஓடும்.

போடுவதும் ஒரு கலை. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் போட வேண்டும். இறங்கி காப்பி குடித்துப் பேப்பர் படித்துவிட்டுப் போட்டால், வீக்கத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. நகம் பட்டால் கிழியும் என்பதால் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நீவி ஏற்றினால் எளிது. முதல் மாதம் இது என் மனைவியின் வேலையாக இருந்தது. "முப்பத்தஞ்சு வருஷத்திலே முதல் தடவையா உங்க காலைப் பிடிக்க வெச்சுட்டீங்க" என்றாள். மேல் விளிம்பை மடிக்கவே கூடாது. இரட்டை மடிப்பு இரட்டைப் பிடி, அதுவே கயிறாகிவிடும். சுருக்கமும் கூடாது. ராத்திரி படுக்கும்போது கழற்றிவிட்டு, தோலைப் பார்த்து, எண்ணெய் தடவிக்கொள்வேன். கையால் துவைத்து நிழலில் காய வைத்தால் ஆறு மாதம் போலத் தாங்கும். அதன் பிறகு பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பர் செத்துவிடும். நாக்பூர் மே மாதத்தில் 45 டிகிரியில் இதைப் போட்டுக்கொள்வது தண்டனைதான், மறுக்கவில்லை. கூலருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு சமாளிக்கிறேன்.

கணக்குப் பிரிவு நண்பர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அத்தான் கதையை நேரில் போய்ச் சொன்னேன். மறுவாரமே சோதனை செய்துகொண்டார். இரண்டு காலிலும் 1.1. தமனி சுத்தம், சிரையிலும் பெரிய கோளாறில்லை. டாக்டர் அவருடைய மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்டுவந்த அம்லோடிபின் மாத்திரையின் அளவை ஆறு மாதத்துக்கு முன் கூட்டியிருந்தார்கள். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்குமாம். டாக்டரே வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து போன் வந்தது. "வீக்கம் வடிஞ்சுடுத்து. உங்க சாக்ஸ் எனக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க" என்றார்.